வண்டி வாசலுக்கு வரட்டும்: நூலகம், கலைமேடை, மைதானம் ஆகியவற்றுக்கு ஒரு தொழில்நுட்பக் கையேடு

1931 அக்டோபர் 21. மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. அதில் நெல் மூட்டை இல்லை, வைக்கோலும் இல்லை. வண்டி நிறையப் புத்தகங்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை அமைத்த நடமாடும் நூலகம் அது. சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை என்று பெயர் பெற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். அவருடைய நூலகவியல் விதிகள் ஐந்தும் புத்தகமாக வந்ததும் அதே ஆண்டில்தான். நாளெல்லாம் சேற்றில் நிற்பவர் நூலகத்துக்கு வர முடியாது என்றால், நூலகம் அவரிடம் போக வேண்டும். அந்த வண்டி சொன்ன பாடம் இவ்வளவுதான்.

அந்த மன்னார்குடி நம் ஒரத்தநாட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கிறது. இன்று மாட்டுவண்டியின் இடத்தில் கைபேசி வந்திருக்கிறது. நூலகம், கலை நிகழ்ச்சி, விளையாட்டு மைதானம், பூங்கா எல்லாம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. அவற்றில் கணினியையும் இணையத்தையும் கொண்டுவர நினைக்கும் நூலகர், பேரூராட்சி, ஊராட்சி உறுப்பினர், வாசகர் வட்டம், இளைஞர் மன்றம், விழாக் குழு ஆகியோருக்காக இந்தப் பட்டியல். ஒவ்வொரு கருவியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது வாசலுக்கு வரும் வண்டியா, வாசலில் தொங்கும் பூட்டா?

செய்ய வேண்டியவை

1. பூட்டிக் கிடப்பதை முதலில் திறங்கள். 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளிலும் நூலகமும் விளையாட்டு மைதானமும் அமைக்க வந்த திட்டம். உங்கள் ஊராட்சியில் அந்தக் கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, மின் இணைப்பு இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். நூலகம் யாரோ தரும் தானமும் அல்ல. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

2. நேரத்தைப் பயிரிடம் கேட்டு வையுங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, புதுஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் வயலுக்குப் போய்விடும். நாற்று, நடவு, களை என்று ஓடும் நாளில் பிற்பகல் 3 மணிக்குக் கணினிப் பயிற்சி வைத்தால் நாற்காலிகள்தான் வந்து உட்காரும். தை அறுவடை முடிந்து மாசி, பங்குனி, சித்திரை வரும்போது ஊருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. பெரிய வேலைகளை அப்போது வையுங்கள். மற்ற மாதங்களில் மாலை 6 மணிக்கு மேல் ஒரு மணி நேரம் போதும்.

3. ஏற்கெனவே கையில் இருப்பதில் தொடங்குங்கள். ஊரில் பெரும்பாலோர் பார்ப்பது வாட்ஸ்அப். அதில் நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய ஓர் அறிவிப்புக் குழு போதும். நூலகம் இன்று திறந்திருக்கிறதா, புதிதாக என்ன வந்திருக்கிறது, இந்த வாரம் எங்கே என்ன நிகழ்ச்சி என்ற மூன்று செய்திகளை மட்டும் போடுங்கள். படிக்கத் தெரியாதவருக்காக அதையே அரை நிமிடக் குரல்பதிவாகவும் அனுப்புங்கள். கைபேசி இல்லாதவருக்காகப் பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடையிலும் தாளில் எழுதி ஒட்டுங்கள்.

4. புத்தகப் பட்டியலை வீட்டிலிருந்தே தேடும்படி செய்யுங்கள். தெக்கூரிலிருந்தோ பாப்பாநாட்டிலிருந்தோ பேருந்து ஏறி வந்து, புத்தகம் இல்லை என்று கேட்டுத் திரும்பிய மாணவி மறுபடி வர மாட்டாள். நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக உருவாகி, 2000 முதல் உலகெங்கும் இலவசமாகப் பயன்பட்டுவரும் கோஹா என்ற நூலக மென்பொருள் இருக்கிறது. அது பெரிய வேலையாகத் தோன்றினால் ஒரு கணக்குத்தாள் கோப்பே போதும். ஒரே எழுத்தாளரின் பெயரைப் பலவிதமாகத் தேடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். தி. ஜானகிராமன் என்று தேடினாலும் தி.ஜா. என்று தேடினாலும் அதே புத்தகம் வர வேண்டும்.

5. இலவசமாகக் கிடைக்கும் செல்வத்தைக் காட்டிக்கொடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டம் ஆகிய மூன்றையும் நம் ஊர் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நூலகத்துச் சுவரில் கியூஆர் கோடு ஒட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தைத் தேடித் திறந்து, இறக்கிக்கொள்ளும் வரை கூட இருங்கள். முதல் புத்தகத்துக்குத்தான் துணை வேண்டும். அடுத்ததை அவரே எடுத்துக்கொள்வார்.

6. ஊரின் சொந்தச் சொத்தைப் பதிவு செய்யுங்கள். நடவு எந்திரம் வந்த பிறகு நடவுப்பாட்டு வயலிலிருந்து ஒதுங்கிவிட்டது. அதைப் பாடிய ஆத்தாக்களும் அப்பாயிகளும் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். ஒப்பாரி, தெம்மாங்கு, கும்மி, பழைய நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கபடிக் கோப்பையோடு எடுத்த படம் எல்லாமே ஊரின் வரலாறு. பாடியவர் யார், எந்த ஊர், எந்த வேலையின்போது யாரிடம் கற்றது, என்றைக்குப் பதிவானது என்ற விவரத்தை ஒலிக்கோப்போடு சேர்த்தே வையுங்கள். விவரம் இல்லாத பதிவு பத்து ஆண்டில் வெறும் சத்தமாகிவிடும். இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முத்தம்மாள் பெயரால் இங்கே எழுப்பிய சத்திரத்தையும் தூண் தூணாகப் படமெடுத்து வையுங்கள். வழிப்போக்கருக்குச் சோறும் தங்க இடமும் தந்த அந்தச் சத்திரம்தான் நம் ஊரின் முதல் பொதுச்சேவைக் கட்டடங்களில் ஒன்று.

7. எல்லாவற்றுக்கும் மூன்று நகல், மூன்று இடம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் நகல் இல்லாதவையும் இருந்தன. நமக்கு அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்து, தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து, ஊர் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. நூலகக் கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வெளியூரிலோ இணையக் கிடங்கிலோ ஒன்று. உறுப்பினர் பட்டியலையும் கடன் கணக்கையும் மட்டும் மாதம் ஒருமுறை தாளில் அச்செடுத்து வையுங்கள். மின்சாரம் இல்லாத வாரத்திலும் புத்தகம் கைமாற வேண்டும்.

8. கண் தெரியாதவரையும் கண்ணாடி போட்டவரையும் நினையுங்கள். படமாக ஒட்டிய அறிவிப்பை, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் பல நேரம் படிக்காது. அறிவிப்பு யூனிகோடு எழுத்தில் இருந்தால் ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள டாக்பேக் அதைத் தமிழில் வாசித்துக் காட்டும். கணினிக்கு என்விடிஏ என்ற இலவச மென்பொருள் உண்டு. அதை நிறுவி, பார்வையற்ற ஒருவரையே அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

9. மைதானத்துக்கு முறை வையுங்கள். காலையில் நடப்பவர், மாலையில் கபடி, கைப்பந்து, கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று எல்லாரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். வாரக் கால அட்டவணையை எல்லாரும் பார்க்கும் ஒரே பக்கத்தில் போட்டால் பாதிச் சண்டை குறையும். அதில் பெண் பிள்ளைகளுக்கென்று நேரத்தை முதலில் குறித்துவிட்டு மீதியைப் பங்கிடுங்கள். கடைசியில் மிஞ்சுவதைக் கொடுத்தால் இருட்டுத்தான் மிஞ்சும்.

10. நிகழ்ச்சி அறிவிப்பில் கடைசிப் பேருந்தையும் எழுதுங்கள். நாதஸ்வரக் கச்சேரி எத்தனை மணிக்கு உண்மையில் தொடங்கும், எப்போது முடியும், திரும்பிப் போக வண்டி உண்டா, கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே என்பவை தெரிந்தால்தான் குடும்பத்தோடு கிளம்புவார்கள். வண்ண வண்ணமாக வரைந்த அழைப்பிதழைவிட இந்த ஐந்து வரி அதிகம் பேரைக் கூட்டி வரும்.

செய்யக்கூடாதவை

1. தனிச் செயலியில் தொடங்காதீர்கள். ஒரு பேரூராட்சிக்கென்று செயலி செய்தால், செய்தவர் போன மறுவருடம் அதைப் புதுப்பிக்க ஆள் இருக்காது. கைபேசியில் இடம் இல்லாமல் திண்டாடுகிறவர் முதலில் நீக்குவதும் அதைத்தான்.

2. திறப்பு விழாவுக்காகத் தொடுதிரை வாங்காதீர்கள். மின்கட்டணம், இணையக் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகிய மூன்றுக்கும் மூன்றாண்டுப் பணத்தை ஒதுக்கிய பிறகே பொருளை வாங்குங்கள். ஒதுக்க முடியாவிட்டால் அந்தப் பணத்தில் நாலு மேசையும் மின்விசிறியும் வாங்குவது மேல்.

3. நாளிதழ் படிக்க வந்தவரிடம் ஆதார் எண் கேட்காதீர்கள். வேண்டாத விவரத்தை வாங்கினால் அதைக் காப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை வெளியில் சொல்லாதீர்கள். நோயைப் பற்றியோ விவாகரத்துச் சட்டத்தைப் பற்றியோ ஒருவர் படிப்பது அவருடைய சொந்த விஷயம்.

4. பிள்ளைகள் படத்தைப் பெயரோடு போடாதீர்கள். ஓவியப் போட்டியில் வென்ற சிறுமியின் முகம், பள்ளி, தெரு மூன்றையும் ஒரே பதிவில் வெளியிடுவது பெருமை அல்ல, ஆபத்து. அவள் வரைந்த ஓவியத்தைப் போடுங்கள்.

5. கலைஞரைக் கேட்காமல் பதிவேற்றாதீர்கள். கரகம் ஆடுபவரும் தவில் வாசிப்பவரும் தம் நிகழ்ச்சியின் மீது உரிமை உள்ளவர்கள். பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. எங்கே போடப்போகிறோம், யார் பார்ப்பார்கள், பணம் வந்தால் யாருக்கு என்று முன்கூட்டியே பேசி, சம்மதத்தைக் குரலாகவாவது பதிவு செய்யுங்கள். பதிவுக்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள். சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரையிலான தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கியபோது, எழுத்தாளர்களிடமும் குடும்பத்தாரிடமும் அனுமதி கேட்டே செய்தார்கள். ஒரு நாடு கேட்க முடிந்ததை ஓர் ஊர் கேட்க முடியாதா?

6. திருட்டுப் பிடிஎஃப் பரப்பாதீர்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. 1959-இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்களையும், 1944-இல் மறைந்த நடுக்காவேரி ந.மு. வேங்கடசாமி நாட்டாரின் நூல்களையும் தாராளமாகப் பகிரலாம். நம் மண்ணின் இன்றைய எழுத்தாளரைப் படிக்க ஆசையா? விலை கொடுத்து வாங்கி நூலகத்தில் வையுங்கள்.

7. செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த ஊர் வரலாற்றை அப்படியே போடாதீர்கள். இல்லாத மன்னனையும் நடக்காத போரையும் அது நம்பிக்கையோடு எழுதிவிடும். ஒருமுறை நூலகத்தின் பெயரில் வெளியானால் நாளைய மாணவர் அதைச் சான்றாகக் காட்டுவார். கல்வெட்டு, ஆவணம், ஊர்ப் பெரியவர் என்று ஏதாவது ஒரு வழியில் சரிபார்த்த பிறகே வெளியிடுங்கள்.

8. மின்னூலகம் வந்துவிட்டது என்று வாசிப்பறையைச் சுருக்காதீர்கள். வீட்டில் தனி அறையோ அமைதியோ இல்லாத பிள்ளைக்கு, போட்டித் தேர்வுக்குப் படிக்க நூலகத்து நாற்காலிதான் உண்டு. அந்த நாற்காலியைப் பதிவிறக்க முடியாது. ஒவ்வொருவரின் முகமும் விருப்பமும் தெரிந்து புத்தகம் எடுத்துத் தரும் நூலகருக்கும் மாற்றுக் கருவி இல்லை.

9. நேரலையே போதும் என்று இருக்காதீர்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் திருவிழாவைப் பார்க்க நேரலை நல்லதுதான். ஆனால் கேமராவுக்கு இடம் விட்டு, முன்வரிசையில் உட்கார்ந்த பாட்டியை எழுப்பக்கூடாது. மேடை முதலில் எதிரே இருப்பவருக்கு.

10. எண்ணிக்கையில் மயங்காதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்பவை எளிதாகக் கிடைக்கும் கணக்குகள். நமக்கு வேண்டியவை வேறு. இந்த மாதம் முதன்முறையாக வந்தவர் எத்தனை பேர்? அவர்களில் மறுபடி வந்தவர் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? இதுவரை யாரும் வராத தெருவிலிருந்து வந்தவர் எத்தனை பேர்?

முதல் மூன்று மாதத்துக்கு

முதல் மாதம் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வயல்வரப்பிலும் டீக்கடையிலும் மகளிர் குழுவிலும் நாற்பது ஐம்பது பேரிடம், நூலகத்துக்கோ மைதானத்துக்கோ ஏன் வருவதில்லை என்று கேட்டு எழுதுங்கள். இரண்டாம் மாதம் அறிவிப்புக் குழுவையும் புத்தகப் பட்டியலையும் தொடங்குங்கள். மூன்றாம் மாதம் ஒரே ஒரு பாட்டியின் பாட்டைப் பதிவு செய்து, அவர் குடும்பத்துக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள்.

பிறகு உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். களையெடுத்துவிட்டு வந்து தன் பெயரில் முதல் புத்தகம் எடுத்த ஒரு பெண்ணின் கையெழுத்து அதில் இருந்தால், மேலவாசலில் புறப்பட்ட வண்டி ஒரத்தநாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். இல்லையென்றால் முதல் மாதத்துக் கேள்வியோடு மறுபடி வயலுக்குப் போங்கள்.