இங்கிலாந்தில் வீடு கிரயம்: பணம் அனுப்பும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை



நம்மில் பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். அங்கே வீடு வாங்க உதவி கேட்கும்போது நாமும் மண்டிப் பணத்தைப் புரட்டி அனுப்புகிறோம். அந்த ஊர்க் கிரய முறை நமக்குத் தெரிவதில்லை. என் மகன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வீடு வாங்கியபோது பட்டறிந்ததை எழுதுகிறேன். (ஸ்காட்லாந்துக்குச் சட்டம் வேறு.)

நம் தொழிலில் வாய்ச்சொல்தான் பத்திரம். நூறு மூட்டை துவரம் பருப்புக்கு விலை பேசி முடித்துவிட்டால், மறுநாள் விலை ஏறினாலும் சரக்கு வந்து இறங்கும். அங்கே வீடு விஷயத்தில் வாய்ச்சொல் செல்லாது. 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். விலைக்குச் சம்மதித்த பிறகும் "ஒப்பந்தத்துக்கு உட்பட்டு" என்றே கடிதம் வரும்.

2025 சித்திரையில் மகன் போன் செய்து, "அப்பா, வீடு முடிஞ்சிருச்சு" என்றான். கடைப் பையன்களுக்கு லட்டு கொடுத்தேன். ஏழு வாரம் கழித்து, வேறொருவர் கூடுதலாகத் தருகிறார் என்று விற்பவர் அவருக்கே கொடுத்துவிட்டார். வழக்குப் போட வழியில்லை. கட்டடத்தைச் சோதித்த சர்வேயர் கட்டணமும், சாலிசிட்டர் அதுவரை பார்த்த வேலைக்கான பீஸும் போயின. இதற்கென்றே அங்கே 'கசம்ப்பிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! வாங்குபவரும் அதேபோல் விலகிக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல்.

இடைப்பட்ட வாரங்களில் சாலிசிட்டர் (நம் வக்கீல் வேலையையும் பத்திர எழுத்தர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர்) நிலப் பதிவகத்தில் உரிமையைப் பார்ப்பார். நகராட்சி, வடிகால் விவரங்களை விசாரிப்பார். அடுக்குமாடி வீடு பெரும்பாலும் குத்தகை உரிமைதான். மிச்சமுள்ள ஆண்டுகள் 80-க்குக் குறைந்தால் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும்.

அதன்பின் ஒப்பந்தப் பரிமாற்றம். ஒரே வாசகமுள்ள இரண்டு பிரதிகளில் ஆளுக்கொன்றில் கையெழுத்திட்டிருப்பார்கள். இரு தரப்பு சாலிசிட்டர்களும் போனில் பேசி, பரிமாறியதாகக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து இருவரும் கட்டுப்பட்டவர்கள். வழக்கமாக 10 சதவீதம் முன்பணம். குறித்த தேதியில் மீதியைக் கட்டத் தவறினால் அது போய்விடலாம். ஆகவே நம் பணம் அங்கே சேருமுன் பரிமாற்றத்துக்குச் சம்மதிக்கக் கூடாது.

இங்கிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி வசூலிக்கிறது. வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் அதுவரை நம் முதல் முடங்கிக் கிடக்கும். சாலிசிட்டரோ பணம் வந்த வழியைக் கேட்பார். வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, அன்பளிப்புக் கடிதம் எல்லாம் காட்ட வேண்டும். உண்டியல் வழியில் அனுப்பிவிட்டு அவர்முன் நிற்க முடியாது.

இரண்டாவது வீடு 3,00,000 பவுண்டு. பணம் கொடுக்கிறோமே, பத்திரத்தில் என் பெயரும் இருக்கட்டும் என்றேன். சாலிசிட்டர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு இந்தியாவில் வீடு இருக்கிறதா?"

முதல் வீடு வாங்கிக் குடியிருப்பவருக்கு 3,00,000 பவுண்டு வரை முத்திரை வரியே இல்லை. மகன் மட்டும் வாங்கினால் செலவு பூஜ்யம். என் பெயர் சேர்ந்தால் அந்தச் சலுகை போய், சாதாரண வரி 5,000 பவுண்டு வரும். உலகின் எந்த மூலையிலாவது கூட்டாளி ஒருவருக்கு வீடு இருந்தால் (அவர் பங்கு 40,000 பவுண்டுக்குக் குறையாமல்) முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதல், அது 15,000. கூட்டாளி வெளிநாட்டில் குடியிருந்தால் இன்னும் 2 சதவீதம், அது 6,000. ஆக 26,000 பவுண்டு, ஒரு பெயருக்காக! வீட்டுக்காரியிடம் சொன்னேன். "பிள்ளை பெயரில் உங்கள் பெயர் இனிஷியலாக இருக்கிறதே, போதாதா?" என்றாள்.

கிரயத்தன்று சாலிசிட்டர் மீதியைக் கட்டி, 14 நாளுக்குள் வரிக் கணக்குத் தாக்கல் செய்து, பதிவுக்கு அனுப்புகிறார். ஒரு எச்சரிக்கை: சாலிசிட்டர் பெயரில் பொய் ஈமெயில் வந்து, கணக்கு எண் மாறிவிட்டது என்று பணத்தைத் திருப்பும் மோசடி அங்கே உண்டு. முதல் நாளே வாங்கிய எண்ணில் போன் செய்து கேட்ட பிறகே நான் பணம் அனுப்பினேன்.

ஐப்பசியில் மகன் சாவி வாங்கினான்.