நெய்ச்சுரப்பிகளும் வீண் களிம்புகளும்

உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக மனிதத் தோலின் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் காணப்படும் நெய்ச்சுரப்பிகள், பெரும்பாலும் மயிர்க்கால்களை ஒட்டி அமைந்து, தம் கலங்களே சிதைந்து உருவாகும் கொழுப்பை மயிர்த்துளை வழியே வெளியேற்றித் தோலை வறட்சியிலிருந்து காக்கின்றன. ஆண்குறித் தண்டிலும் முன்தோலிலும் இச்சுரப்பிகளில் சில மயிரோடு தொடர்பின்றித் தனித்து நிற்பதால், தோலை இழுத்துப் பிடிக்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவான வெண்மஞ்சள் புள்ளிகளாகத் தெரிகின்றன. அமெரிக்கத் தோல் வைத்தியர் ஜோன் ஃபோர்டைஸ் 1896இல் உதட்டிலும் வாய்க்குள்ளும் கண்டு விவரித்த புள்ளிகளும் இவையே. பருவ வயதில் ஆண் ஓமோன்கள் பெருகும்போது இவை பருப்பதால், புதிதாக ஏதோ முளைத்துவிட்டது என இளைஞர் அஞ்சுகின்றனர்.

ஆண்குறி மொட்டின் அடிவிளிம்பைச் சுற்றி வரிசையாக நிற்கும் முத்துப்போன்ற சிறு முனைகள் சுரப்பிகளே அல்ல; நார்த்திசுவும் நுண்குருதிக் குழாய்களும் சேர்ந்த அவை எவருக்கும் தொற்றுவதில்லை, வயதோடு மங்கவும் செய்யும்.

மன்னார் மாவட்டத்தில் வில்பத்துக் காட்டை அடுத்த முள்ளிக்குளம் போன்ற மீனவக் கரைகளில், உப்புநீரில் நனைந்த உடையோடும் வியர்வையோடும் நீண்டநேரம் தொழில் செய்வோருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்று வருவது இயல்பே. அதற்கென வாங்கிய களிம்பை, கூச்சத்தால் எவரிடமும் கேளாமல், தீங்கற்ற புள்ளிகள்மீதும் பூசுவதில்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. பூஞ்சைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீரோயிட் எனப்படும் அழற்சியடக்கி மருந்து கலந்திருக்கும். விதைப்பைத் தோலோ மிக மெல்லியது. முன்கைத் தோலைவிட அது ஏறத்தாழ 42 மடங்கு ஹைட்ரோகோர்ட்டிசோனை உறிஞ்சுவதாக 1967இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஆகவே நாட்கணக்கில் பூசினால் தோல் மேலும் மெலிந்து, சிவந்து, எரியத் தொடங்குகிறது. அந்த எரிச்சலுக்கு மீண்டும் அதே களிம்பு பூசப்படுகிறது. புள்ளிகள் மட்டும் இருந்தபடியே இருக்கும், ஏனெனில் அவை நோயல்ல. நகத்தால் பிதுக்குவது இன்னும் மோசம்: சிறிது கொழுப்பு வெளிவந்தாலும் சுரப்பி அங்கேயே நிற்க, காயத்தில் கிருமி புகுகிறது. முன்தோலை மெல்லப் பின்தள்ளிச் சாதாரண நீரில் நாளும் கழுவி, ஈரம் ஒற்றி, உலர்ந்த பருத்தி உடைக்கு மாறுவதே போதுமானது.

இயல்பான புள்ளிகள் ஒரே அளவினவாய், வலியோ அரிப்போ இன்றி, ஆண்டுக்கணக்கில் மாறாதிருக்கும். மனிதப் பப்பிலோமா வைரசு உண்டாக்கும் பாலுறுப்பு மருக்கள் கோலிபிளவர்ப் பூப்போல் கரடுமுரடாகி, ஒழுங்கின்றிப் பெருகும். நடுவில் குழிவுள்ள பரு, கொப்புளம், வலியற்ற புண், சீழ் ஆகியவற்றில் எதுவாயினும் படம் பார்த்து முடிவுகட்டாமல் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வலியில்லாத புண் தானே ஆறிவிட்டாலும் செல்ல வேண்டும், ஏனெனில் சிபிலிசின் முதற்புண் அப்படித்தான் ஆறுகிறது.