பல்லக்கில் ஏறிய ரயில் பயணிகள்

கேள்வி: மும்பை–புனே ரயில் 1858-லேயே வந்துவிட்டது என்கிறார்கள். மலைப்பாதை திறந்ததோ 1863-இல். எது சரி?
– வாசகர், புனே

பதில்: இரண்டும் சரிதான். 1858-இல் கண்டாலாவிலிருந்து புனேக்கு ரயில் ஓடத் தொடங்கியது. மும்பைப் பக்கமிருந்து மலையடியில் கோபோலி வரை ரயில். நடுவே குறுக்கே நின்றது போர் காட் கணவாய். பயணிகள் கோபோலியில் இறங்கி, பல்லக்கிலோ மட்டக்குதிரையிலோ வண்டியிலோ மேலேறி, கண்டாலாவில் மறுபடி ரயிலைப் பிடித்தார்கள்.

இந்த இடைவெளியை இணைத்து 1863-இல் திறந்த மலைப்பாதையில் மட்டும் 25 சுரங்கங்கள். ஒப்பந்ததாரர் சாலமன் ட்ரெட்வெல் 1859-இல் இறந்துவிட, மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று வேலையை முடிக்க வைத்தார். அப்போதும் ஒரே மூச்சில் ஏற முடியாது: வழியில் ரயில் முட்டுப்பாதையில் நிற்கும், இன்ஜினை மறுமுனையில் மாட்டுவார்கள், திசை திரும்பி ஏறும். இன்றோ, கண்ணயர்ந்து விழித்தால் மலைமேல் லோனாவாலா!