நிற்கும்போது பார்

நிஷி-கசாய், டோக்கியோ

அன்புள்ள கயலுக்கு,

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்திருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். கூடவே உன் கேள்வியும் வந்து சேர்ந்தது: புல்லட் ரயில் விடுகிற நாட்டில் அம்மாக்கள் மட்டும் ஏன் இன்னும் கனத்த லேடீஸ் சைக்கிளை ஓட்டுகிறார்கள்? போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ போட்டோவில் பார்த்ததை இங்கே மமாச்சரி என்பார்கள், அம்மா சைக்கிள். 1950-களில் பெண்களுக்கென்று இலகுவான சைக்கிள்கள் இங்கே கடைக்கு வந்தன. அன்று அமைந்த உருவம் பெரிதாக மாறவில்லை. காலைத் தூக்கிப் போடாமல் ஏறுவதற்காகத் தாழ வளைந்த பிரேம், முன்னால் கூடை, துணி சிக்காதபடி செயின் கவர், பின் சக்கரத்தில் வளையப் பூட்டு. பலவற்றில் டைனமோ முன் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே இருக்கும். இருட்டினால் விளக்கு தானாக எரியும், மிதிக்கக் கனக்காது. கியர் இருந்தால் பெரும்பாலும் மூன்று, அதுவும் பின் ஹப்புக்குள் மறைந்திருக்கும். வருடக்கணக்கில் மழையில் நனைந்து நின்றாலும் யாரும் கழற்றி மாட்ட வேண்டாம் என்பதே இந்த அமைப்பின் நோக்கம். அழகான எஞ்சினியரிங் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் உனக்கு நான் காட்ட விரும்புவது வேறொன்று. இந்தச் சைக்கிள் ஓடும்போது பார்க்காதே. நிற்கும்போது பார்.

திங்கட்கிழமை காலை எந்தக் குழந்தைகள் காப்பக வாசலிலும் இதைப் பார்க்கலாம். பின் இருக்கையில் பெரியது, முன் இருக்கையில் சின்னது, கூடையிலும் கைப்பிடியிலுமாகக் குழந்தை மதியம் தூங்குவதற்கான விரிப்பு, மாற்றுத் துணிப்பை. மோட்டார் வைத்த மமாச்சரியானால் (அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) வண்டி மட்டுமே 30 கிலோ இருக்கும். முன்னால் 15 கிலோ வரை, பின்னால் 20 கிலோவுக்கு மேல். இவ்வளவையும் அம்மா இறங்கி நின்று, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். ஓடுகிற சைக்கிளுக்கு வேகமே துணை. நிற்கிற சைக்கிளுக்கு ஸ்டாண்டைத் தவிர யாரும் இல்லை. குழந்தைகள் அடிபடுவதில் கணிசமான பங்கு, நின்றுகொண்டிருந்த வண்டி சாய்ந்ததால் நேர்ந்தது. அம்மா ஒரு நொடி திரும்பியிருப்பாள், அவ்வளவுதான்.

அதனால் வடிவமைப்பாளர்கள் தலையை உடைத்துக்கொண்டது இந்த ஒரு நொடிக்காக. ஸ்டாண்டின் இரு கால்களும் அகலமாக விரிந்திருக்கும். பல மாடல்களில் ஸ்டாண்டு போட்டதுமே கைப்பிடி இறுகிக்கொள்ளும். முன் சக்கரம் திரும்பினால்தானே வண்டி கவிழும்? ஏற்றும்போது பின்னால் உட்காரும் குழந்தை முதலில், இறக்கும்போது முன்னால் இருக்கும் குழந்தை முதலில். ஹெல்மெட்டை மாட்டிய பிறகுதான் குழந்தையைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும். அம்மாக்களுக்கு இது மனப்பாடம்.

இன்னொரு நுட்பம். நடைபாதையில் போக அனுமதியுள்ள சாதாரண சைக்கிள் என்று சட்டம் ஏற்க வேண்டுமானால், நீளம் 190 சென்டிமீட்டருக்கும் அகலம் 60 சென்டிமீட்டருக்கும் மிகக்கூடாது. அந்த நீளத்துக்குள் இரண்டு குழந்தைகளையும் ஒரு அம்மாவையும் எப்படி உட்காரவைப்பாய்? 26 அங்குலச் சக்கரத்தை 20 அங்குலமாகக் குறைத்தார்கள். நடுவில் இடம் கிடைத்தது, இருக்கைகளும் தாழ்ந்தன. எடை கீழே இறங்கினால் தள்ளாட்டமும் குறையும். முன் இருக்கையைக் கைப்பிடித் தண்டுக்கு மேலேயே கொண்டுவந்த மாடல்களும் உண்டு. குழந்தையின் எடை திருப்பும் அச்சில் விழுவதால் கைப்பிடி ஒரு பக்கமாக இழுக்காது. உங்கள் வகுப்பில் ஈர்ப்பு மையம் நடத்தும்போது இந்தச் சைக்கிளை நினைத்துக்கொள்.

இவை கம்பெனிகளுக்குத் தாமாகத் தோன்றியவை மட்டுமல்ல. பொதுவாக ஒரு குழந்தையைத்தான் இருக்கையில் ஏற்றலாம் என்பது பழைய விதி. இரண்டு குழந்தைகள் உள்ள அம்மாக்கள் விதியை மீறித்தான் ஓட்டினார்கள், வேறு வழியில்லை. 2008-இல் தேசியக் காவல்துறை இந்தத் தடையைக் கண்டிப்பாக வலியுறுத்தப் பார்த்தபோது அம்மாக்கள் கொதித்தெழுந்தார்கள். காலை எட்டு மணிக்குள் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு நாங்கள் எப்படி வேலைக்குப் போவது என்று கேட்டார்கள். காவல்துறை இறங்கி வந்தது: உறுதியான, தள்ளாடாத, நன்றாகப் பிரேக் பிடிக்கிற வண்டியைச் செய்துகாட்டுங்கள், அனுமதிக்கலாம் என்றது. தர விதிகள் வந்தன. 2009 ஜூலையிலிருந்து அந்த விதிகளுக்கு உட்பட்ட வண்டியில் இரண்டு சின்னக் குழந்தைகளை ஏற்றுவது சட்டப்படி சரி. பயன்படுத்துகிறவர்கள் வாய் திறந்ததால் ஒரு பொருள் இந்த அளவு மாறியது எனக்கு இன்றும் பெருமிதம் தருகிறது.

மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1993-இல் யமஹா, மிதிக்கும் காலுக்குத் துணை நிற்கும் மின் சைக்கிளை உலகிலேயே முதலாவதாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதித்தால்தான் மோட்டார் உதவும், மிதிக்காவிட்டால் பேசாமல் இருக்கும். இன்றைய சட்டப்படி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் வரை மோட்டார் காலின் விசையைப் போல இரண்டு மடங்கு வரை தரலாம். பிறகு படிப்படியாகக் குறைந்து 24 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும். ஆகவே லைசென்ஸ் தேவையில்லை. எங்கள் எதோகவா பகுதி தட்டையான நிலம். புன்க்யோ பகுதி மேடும் பள்ளமும். அங்கே இது இல்லாமல் இரண்டு குழந்தைகளோடு ஏற முடியாது.

சைக்கிளை மட்டும் பார்த்து நின்றுவிடாதே, ஊரையும் பார். 1962-இல் வந்த சட்டப்படி, காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் கார் வாங்க முடியும். இரவில் தெருவில் காரை விட்டுவைக்க முடியாது. அதனால் குடியிருப்புச் சந்துகள் அடைபடாமல் கிடக்கின்றன. காய்கறிக் கடை, டாக்டர், பள்ளி, ரயில் நிலையம் எல்லாம் மிதித்துப் போகிற தூரத்தில். எங்களுக்கு அடுத்த நிலையமான கசாயில் பூமிக்கடியில் இயந்திரமே சைக்கிளை உள்ளிழுத்து அடுக்கிவைக்கிறது. இங்கிருந்து ஒரு மமாச்சரியைக் கப்பலேற்றி அனுப்பினாலும் இந்தத் தெருக்களை அனுப்ப முடியாது.

எனக்கு மனக்குறையும் உண்டு. மோட்டார் வைத்த வண்டி ஒன்றரை லட்சம் யென்னைத் தாண்டுகிறது. சாதாரண மமாச்சரி அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். தேவை அதிகம் உள்ள வீட்டுக்கே இது எட்டாமல் போகிறது. இப்போது அப்பாக்களும் காலையில் ஓட்டுகிறார்கள், அவர்களுக்குப் பிடித்த தோற்றத்தில் தடித்த டயர் மாடல்களும் வருகின்றன. ஆனாலும் குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து போன் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவது பெரும்பாலும் அம்மாதான். சுமையை இலேசாக்குவது ஒன்று, பகிர்வது வேறு. முதலாவதை எஞ்சினியர்கள் செய்துவிட்டார்கள். இரண்டாவதை வீடுகள்தான் செய்ய வேண்டும்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அக்காவின் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்து. பின் கேரியரில் 20 கிலோ அரிசிப் பையைக் கட்டு. கைப்பிடியை மெல்லத் திருப்பி, எந்தக் கோணத்தில் சாயத் தொடங்குகிறது என்று அளந்து பார். ஸ்டாண்டை எப்படி மாற்றினால் சாயாது என்று படம் போட்டு எனக்கு அனுப்பு. பிரேம், சக்கரம் எதையும் தொடாதே, ஸ்டாண்டை மட்டும் யோசி.

அன்புடன்,
சித்தி