அச்சின் சுவடு

நுழையும்முன்

பாட்டியின் சுருக்குப்பையிலோ பழைய மரப்பெட்டியின் அடியிலோ ஆங்கிலேயர் காலக் காசு ஒன்று இன்றும் அகப்படுவதுண்டு. ‘இது எத்தனை ஆண்டுப் பழமை உடையது? என்ன விலை போகும்?’ என்பனவே அதனைக் கண்டவர் கேட்கும் முதல் வினாக்கள். காசு சேகரிப்பவரோ வேறொரு வினாவை எழுப்புகிறார்: ‘இதனோடு பிறந்த மற்றக் காசுகளிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது?’ அந்த வினாவுக்கு விடை தேடும் வழியினை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எல்லையில் கலந்த காசுகள்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் ஓசூர். மொழிகளைப் போலவே, இவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் பல அரசுகளின் காசுகளும் கலந்து புழங்கின. 1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, திப்பு சுல்தான் வசமிருந்த பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. கிருஷ்ணகிரி அதனுள் அடங்கும். அப்பகுதியை ஆளும் பொறுப்பு அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களுள் ஒருவர். 1799 இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் கும்பினி ஆட்சிக்குள் வந்தது. எல்லைக்கு அப்பால் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் அளிக்கப்பட்டது.

ஆட்சி எல்லை மாறினாலும் மக்கள் கையிலிருந்த காசு ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. திப்புவின் செப்புக்காசில் யானை உருவம் இருந்தது. கும்பினியின் செப்புக்காசில் அதன் கேடயச் சின்னமும் இரு சிங்கங்களும் இருந்தன. மூன்றாம் கிருஷ்ணராச உடையாரின் செப்புக்காசுகளில் யானையும் சிங்கமும் இடம்பெற்றன. மதிப்பு கன்னடத்தோடு ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டது. கும்பினியும் ‘இருபது காசு’ வெளியிட்டது. மைசூரும் ‘இருபது காசு’ வெளியிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, ஓசூர் எல்லையின் வரலாறு உள்ளங்கையில் அடங்கிவிடும்.

தமிழ் தந்த பெயர்கள்

அந்நாளைய சென்னை மாகாணக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆங்கிலேயர் ‘கேஷ்’ எனவும் ‘ஃபனம்’ எனவும் எழுதிய சொற்கள் தமிழின் காசும் பணமுமே. 1807 ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் அடிக்கப்பட்ட வெள்ளி அரை வராகனில் ஒருபுறம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபுறம் திருமால் உருவமும் விளங்குகின்றன. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் மதிப்பு பொறிக்கப்பட்டுள்ளது. சென்னையில் ‘தங்கசாலைத் தெரு’ என்னும் பெயர் இன்றும் வழங்குவது, அங்கே நாணயச்சாலை இருந்தமையால்தான்.

இந்த அரை வராகனில் இன்னொரு நுட்பமும் உண்டு. கடல் வணிகத்தின் வழியே வந்த ஸ்பானிய வெள்ளி டாலர்களை உருக்காமல், அவற்றின் மேலேயே புதிய அச்சினைப் பதித்தனர். பழைய அச்சு முழுவதும் அழியாத காசுகளில், கோபுரத்தின் அருகே ஸ்பானிய எழுத்துகளின் சுவடு மங்கலாகத் தெரியும். பிறர் தேய்மானம் என்று தள்ளும் அக்கோட்டினைச் சேகரிப்பவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடிக் கண்டெடுக்கிறார். அச்சுவடு, அந்த வெள்ளி கடல் கடந்து வந்ததற்கான சான்றாகும்.

அச்சும் வகையும்

ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, ஒரே உலோகம் என அமைந்த காசுகளுக்குள் காணப்படும் சிறு வேறுபாட்டினையே நாணயவியலார் ‘வகை’ என்கின்றனர். இவ்வேறுபாடு பிறப்பது அச்சிலே. ஓசூர்த் தொழிற்பேட்டையில் தகட்டினை அழுத்தி உதிரிபாகம் செய்யும் எந்திரங்களைக் கண்ட மாணவர்க்கு இதனை விளக்குவது எளிது. எஃகு அச்சு இரண்டுக்கும் இடையே உலோக வில்லையை வைத்து ஓங்கி அழுத்தினால் காசு பிறக்கும். அச்சு தேயும், விரிசல் விடும், புதிய அச்சு செதுக்கப்படும். செதுக்கும் கை மாறும்போது ஓர் எழுத்தின் வடிவமோ இலையின் அமைப்போ மாறும்.

வகையையும் சேதத்தையும் பிரித்தறிய ஓர் எளிய விதி உண்டு. புழக்கத்தில் ஏற்பட்ட கீறல் காசின் பரப்பில் பள்ளமாக இருக்கும். அச்சில் ஏற்பட்ட விரிசலோ, காசில் மேடான கோடாக அமையும். அடிக்கும்போது உலோகம் அவ்விரிசலுக்குள் புகுந்து எழுவதே காரணம். பள்ளம் காசுக்கு நேர்ந்த காயம். மேடு அச்சு விட்டுச்சென்ற செய்தி.

1840 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா வெள்ளி ரூபாயை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஒரு வகையில் அரசியின் பெயர் தலைக்கு மேலே தொடர்ச்சியாக வளைந்து செல்லும். மற்றொரு வகையில் தலையின் இருபுறமும் பிரிந்து நிற்கும். பின்புறத்து மாலையில் உள்ள சிறு கனிகளின் எண்ணிக்கையும் அச்சுக்கு அச்சு வேறுபடும். அக்கனிகளை எண்ணியே சேகரிப்பாளர் வகை பிரிக்கின்றனர். 1835 ஆம் ஆண்டின் நான்காம் வில்லியம் ரூபாயில், அரசரின் கழுத்து முடியும் இடத்தில் நாணயச்சாலைத் தலைவரின் முதலெழுத்து நுண்ணியதாக இருக்கும். எழுத்து மாறினால் வகையும் மாறும்.

ஆண்டு எண்ணை நம்பலாமா?

காசில் உள்ள ஆண்டு, அது அடிக்கப்பட்ட ஆண்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வங்காளத்தில் காசுக்கடைக்காரர்கள் பழைய ஆண்டு பொறித்த ரூபாய்க்கு வட்டம் பிடித்து மதிப்பைக் குறைத்தனர். அதனைத் தடுக்கக் கும்பினி, முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19 ஆம் ஆட்சியாண்டினையே தொடர்ந்து பொறித்தது. பின்னர் வந்த 1862 ஆம் ஆண்டு ரூபாயும் அவ்வாறே 1874 வரை அதே ஆண்டு எண்ணுடன் வெளிவந்தது. பம்பாய் நாணயச்சாலையில் மட்டும், உண்மையான ஆண்டினைக் குறிக்கச் சிறு புள்ளிகளை இட்டனர். ஆகவே 1862 ரூபாயைப் பார்ப்பவர், எண்ணோடு நின்றுவிடாமல் அதன் கீழுள்ள புள்ளியையும் எண்ண வேண்டும். புள்ளியைக் கவனியாதவர்க்கு அது மற்றுமொரு பழைய ரூபாய். கவனித்தவர்க்கு அது குறிப்பிட்ட ஓர் ஆண்டின் ஆவணம்.

பழமை வேறு, அருமை வேறு

பழைய காசெல்லாம் அரிய காசு என்பது பரவலான பிழைக்கருத்து. 1808 ஆம் ஆண்டுப் பத்துக்காசும் இருபதுகாசும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், நீராவி எந்திரத்தால் அடிக்கப்பட்டவை. அவற்றைச் சென்னைக்கு ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கடற்கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980 களில் அங்கிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் மீட்கப்பட்டன. இரு நூற்றாண்டு கடந்தும் அவை எளிதில் கிடைப்பது இதனால்தான்.

இதற்கு மாறானது 1911 ஆம் ஆண்டு ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் மேலங்கியில் யானை உருவம் ஒன்று உண்டு. துதிக்கை குட்டையாக அமைந்தமையால் அது பன்றி போலத் தோன்ற, மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. ஏறத்தாழ 94 இலட்சம் காசுகள் அடிக்கப்பட்டும், சுமார் 7 இலட்சமே வெளிவந்தன, எஞ்சியவை உருக்கப்பட்டன. அடுத்த ஆண்டு யானை திருத்தப்பட்டது. ஆறாம் ஜார்ஜ் காலத்து 1939 ரூபாய் அதனினும் அரியது. 1940 இல் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்படுவதற்கு முந்தையது அது. எத்தனை அடிக்கப்பட்டன என்பதைவிட எத்தனை எஞ்சின என்பதே அருமையை உறுதி செய்கிறது.

போலியை அறிதல்

அரியது எதுவோ அதற்கே போலியும் பிறக்கும். வேறோர் ஆண்டின் இலக்கத்தைச் சுரண்டி 1939 ஆக்கப்பட்ட ரூபாய்கள் உள்ளன. வார்ப்பில் செய்த போலியில் நுண்ணிய காற்றுக்குழிகள் தென்படும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் எடை உடையது. வெள்ளியைக் காந்தம் ஈர்ப்பதில்லை. தராசும் காந்தமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் பெரும்பாலான ஏமாற்றுகளைத் தவிர்க்கலாம்.

இராமர், அனுமன் உருவங்களுடன் 1818 என்று பொறித்து, கும்பினியின் பெயரையும் தாங்கிய வில்லைகள் பல கோடி பெறும் என்று சிலர் ஆசை காட்டுவர். அத்தகைய காசு எதனையும் கும்பினி வெளியிடவில்லை. ‘அரிசியை ஈர்க்கும் இரிடியக் காசு’ என்பதும் தமிழ்நாட்டில் பலரின் சேமிப்பைச் சூறையாடிய மோசடியே. பழைய காசுகளை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாம் என இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது.

புளியும் உலையும்

காசுக்கு நேரும் தீங்குகள் இரண்டு. முதலாவது, அன்போடு செய்யப்படுவது. செப்புக்குடத்தைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் இட்டுக் காசினைத் தேய்ப்பர். புளியின் அமிலம், நூறாண்டுகளாகப் படிந்து காசினைக் காத்துவந்த பழுப்புப் பூச்சினைக் கரைத்துவிடும். சாம்பல் நுண்ணிய கோடுகளை அழித்துவிடும். பளபளப்பு வரும், புள்ளியும் கனியும் முதலெழுத்தும் போய்விடும். காசினை விளிம்பில் பிடிப்பதும், காற்றுப் புகாத ஈரமற்ற இடத்தில் தனித்தனி உறைகளில் வைப்பதுமே போதுமான பராமரிப்பு.

இரண்டாவது, தேவையால் நேர்வது. திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வெள்ளி ரூபாய்கள் எடைக்கு விற்கப்பட்டு, உருகிக் கொலுசாகவும் குங்குமச்சிமிழாகவும் மாறுகின்றன. இதனைக் குற்றம் என்று சொல்ல இயலாது; வெள்ளி ரூபாயை மக்கள் சேமித்ததே இடுக்கண் வரும்போது உதவும் என்பதற்காகத்தான். எனினும் உலையில் இடுவதற்குமுன் ஒருமுறை உற்று நோக்கினால், அரிய வகையொன்று அறியாமையால் அழிவது தடுக்கப்படும். எடை விலையைவிட மேலான விலையும் அக்குடும்பத்துக்குக் கிட்டும். எழுத்தும் படமும் எழுதிக்கொண்டால், காசு கைமாறினாலும் செய்தி நிற்கும்.

மண்ணுக்கடியில் கிடைத்தவற்றுக்கு விதி வேறு. 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். காசுக்குவியல் எந்த இடத்தில், எந்தக் கலயத்தில், எவற்றோடு கிடைத்தது என்பது ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. பிரித்து விற்றுவிட்டால் அச்செய்தி மீளாது. நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுத் தொகுப்பு, 1890 இல் அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் கும்பினிக் காசுகளின் பட்டியலை வெளியிடத் துணைநின்றது. கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகம் உள்ளது.

நாணயம் என்னும் சொல்

தமிழில் ‘நாணயம்’ என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். சேகரிப்பவர்க்கு இரண்டும் வேண்டும். விற்பவர் அறியாத அருமையைத் தான் அறிந்திருக்கும்போது, அதனை மறைத்து எடை விலைக்கு வாங்குவது எளிது. எடுத்துச் சொல்லி உரிய விலை தருவது அரிது. காசின் வகையை அறியக் கூர்ந்த கண் போதும். அந்த அறிவை நேர்மையாகப் பயன்படுத்துவதே சேகரிப்பவரின் தகுதியை உறுதி செய்யும். அரசுகள் மறைந்தபின்னும் அவற்றின் அச்சுச் சுவடு காசில் நிற்பது போல, அதனைக் கைக்கொண்டவரின் நாணயமும் ஊரார் நினைவில் நிற்கும்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள பழைய காசு ஒன்றைத் தேய்க்காமல், கழுவாமல் உற்றுநோக்கி, அதன் எழுத்து, உருவம், ஆண்டு, விளிம்பு, எடை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்க.
2. ‘பழமை வேறு, அருமை வேறு’ என்பதை 1808, 1911 ஆம் ஆண்டுக் காசுகளைக் கொண்டு விளக்குக.
3. நிலத்தை உழும்போது காசுக் கலயம் கிடைத்ததாகக் கொண்டு, மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கும் கடிதம் ஒன்று எழுதுக.
4. காசு, பணம், வராகன், வட்டம், தோலா ஆகிய சொற்கள் உங்கள் ஊர் வழக்கில் இன்று எவ்வாறு வழங்குகின்றன என்பதைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.