ஆபீஸ் போனை வெளியூரிலிருந்து நிர்வகிக்கலாமா?

கேள்வி: மங்கலத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். ஆபீஸ், கட்டிங், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஐ.பி. பி.பி.எக்ஸ். போன் எக்ஸ்சேஞ்ச் போட்டிருக்கிறோம். ஒரு எக்ஸ்டென்ஷன் மாற்றுவதென்றாலும் கோயமுத்தூரிலிருந்து சர்வீஸ்காரர் வர வேண்டியிருக்குங்க. “ரவுட்டரில் ஒரு போர்ட் திறந்து விடுங்கள், இங்கிருந்தே செய்து தருகிறேன்” என்கிறார். திறக்கலாமா?
– ஒரு வாசகர், மங்கலம்

பதில்: போர்ட்டைத் திறக்காதீர்கள். அவர் கோயமுத்தூரிலிருந்தே வேலை செய்யட்டும், அதற்கு வேறு வழி இருக்கிறது.

போர்ட்டைத் திறந்தால் உங்கள் பி.பி.எக்ஸின் லாகின் பக்கம் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் ராப்பகலாக ஓடுகின்றன. பாஸ்வேர்டு பலமாக இருந்தாலும் தப்பிப்பது நிச்சயமில்லை. பி.பி.எக்ஸ்.களை இயக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக ஏறக்குறைய 1,200 நிறுவனங்களின் போன் அமைப்புகள் குறிவைக்கப்பட்டதை 2020 நவம்பரில் செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. 2025 ஆகஸ்டில் அதே மென்பொருளில், பாஸ்வேர்டே இல்லாமல் நுழையக்கூடிய இன்னோர் ஓட்டை வெளிவந்தது. அப்போது தாக்குதலுக்கு ஆளானவை நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த அமைப்புகள்.

உங்கள் பி.பி.எக்ஸ். பெட்டிக்குள் நுழைபவர்கள் சம்பாதிப்பது எப்படி? வெளிநாட்டில் அதிகக் கட்டண எண்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, உங்கள் லைனிலிருந்து அந்த எண்களுக்குக் கால் போடுவார்கள். கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும், பில் உங்களுக்கு வரும். ஒரு பி.ஆர்.ஐ. லைனில் 30 கால் ஒரே நேரத்தில் போகலாம். நிமிடத்துக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 90,000 ரூபாய். இதைப் பெரும்பாலும் நள்ளிரவிலும் விடுமுறையிலும்தான் செய்வார்கள். பொங்கலுக்கு, தீபாவளிக்கு நம் கம்பெனிகள் நாள் கணக்கில் பூட்டிக் கிடப்பதை எண்ணிப் பாருங்கள்.

சரியான வழி வி.பி.என். சர்வீஸ்காரர் முதலில் உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வந்து, அதன் பிறகு பி.பி.எக்ஸைத் தொடுவார். செய்ய வேண்டியவை இவை:

1. வயர்கார்டு அல்லது ஓபன்விபிஎன் வசதியுள்ள ரவுட்டர் போடுங்கள். ரவுட்டர் ஓ.எஸ். 7 ஓடும் மைக்ரோடிக் ரவுட்டரில் வயர்கார்டு உண்டு.

2. ரவுட்டருக்கு வந்திருக்கும் வெளி ஐ.பி.யைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்களோடு பலரும் பகிர்கிறார்கள். வெளியிலிருந்து நேராக உங்களை எட்ட முடியாது. கூடுதல் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்குங்கள். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற சேவை போதும். அதில் உள்ளே இருக்கும் கருவியே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்தும்.

3. ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கினால் மாற்றிவிடுங்கள். பல வீட்டு ரவுட்டர்களிலும் அதே எண்தான். சர்வீஸ்காரர் இடத்திலும் அதுவே இருந்து இரண்டும் மோதினால் வி.பி.என். இணைந்த மாதிரி காட்டும், பி.பி.எக்ஸ். மட்டும் திறக்காது. 192.168.57 போல ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

4. சர்வீஸ்காரருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள். ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்தக் கணக்குக்கு பி.பி.எக்ஸின் முகவரி ஒன்றை மட்டும் அனுமதியுங்கள். டேலி இருக்கும் கம்ப்யூட்டர் அவர் கண்ணில் படத் தேவையில்லை. வேலை முடிந்ததும் கணக்கை நிறுத்தி வையுங்கள்.

5. ஐ.எஸ்.டி. வேண்டாத லைன்களில் அதைத் தொலைபேசி நிறுவனத்திடமே சொல்லி நிறுத்துங்கள். பெட்டிக்குள் போடும் பூட்டை, உள்ளே புகுந்தவன் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவான். பையரோடு மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் பேசுகிற மெர்ச்சண்டைசருக்கு ஐ.எஸ்.டி. எதற்கு?

6. ரவுட்டர், ஃபைபர் பெட்டி, பி.பி.எக்ஸ். மூன்றுக்கும் யு.பி.எஸ். கொடுங்கள். பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாளில் ரவுட்டர் அணைந்தால் வி.பி.என். கிடைக்காது.

எல்லாம் முடிந்ததும் நீங்களே சோதியுங்கள். மொபைலில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் உங்கள் வெளி ஐ.பி.யைத் தட்டுங்கள். லாகின் பக்கம் வரக்கூடாது. பிறகு வி.பி.என். போட்டு உள் முகவரியைத் தட்டுங்கள். இப்போது வர வேண்டும்.

கேள்வி: எங்களுடையது விசைத்தறிக் கூடம். இருப்பது பழைய அனலாக் இன்டர்காம் பெட்டி. இதற்கும் ஆபத்து உண்டா?
– இன்னொரு வாசகர், மங்கலம்

பதில்: உண்டு. அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில் டிசா என்ற வசதி இருக்கும். வெளியிலிருந்து கூப்பிட்டு, பெட்டி வழியாகவே இன்னொரு எண்ணுக்குக் கால் போடலாம். உபயோகிக்கவில்லையென்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். புரோகிராமிங் பாஸ்வேர்டு 1234 என்று கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் இன்றே மாற்றுங்கள். தூரத்திலிருந்து செட்டிங் மாற்ற வேண்டுமானால், பெட்டியோடு கேபிளில் இணைத்த ஒரு கம்ப்யூட்டரை வேலை நேரத்தில் மட்டும் பகிருங்கள். பக்கத்தில் உங்கள் ஆள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கேள்வி: ஏற்கெனவே யாரோ புகுந்துவிட்டதாகத் தெரிந்தால் முதலில் என்ன செய்வது?
– அதே வாசகர்

பதில்: வெளி லைன் கேபிளைப் பிடுங்குங்கள். தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டு ஐ.எஸ்.டி.யை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டியை ஃபார்மேட் செய்ய அவசரப்படாதீர்கள். கால் பதிவுகளை முதலில் நகலெடுத்து வையுங்கள், அவைதான் ஆதாரம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பிறகு மென்பொருளைப் புதிதாக ஏற்றி, எல்லா எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டுகளையும் மாற்றிய பின்பே லைனைத் திரும்ப மாட்டுங்கள்.