ஜன்னல் வலையோடு பள்ளிக்குள் நுழையுங்கள்: பால்டிமோரில் டீச்சிங் ஆர்டிஸ்ட் ஆக நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1826-இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். அவர்களில் பலரும் டீச்சிங் ஆர்டிஸ்டாகப் பள்ளிகளில் வொர்க்‌ஷாப் எடுக்க வாய்ப்புத் தேடுகிறார்கள். “எனக்கு வாட்டர்கலர் வரும், அக்ரிலிக் வரும்” என்று போய் நின்றால் நீங்களும் அந்த வரிசையில் ஒருவர், அவ்வளவுதான். “இந்த ஊர்த் தெருக்களில் பிறந்த கலையை உங்கள் பிள்ளைகள் கையாலேயே செய்ய வைக்கிறேன்” என்று சொல்லுங்கள். பிரின்சிபால் நிமிர்ந்து உட்காருவார்.

அந்தக் கலை, ஜன்னலில் பூச்சி வராமல் அடிக்கும் வலையின் மேல் படம் வரைவது. தெருவில் போகிறவருக்குப் படம் தெரியும், வீட்டுக்குள் இருப்பது தெரியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரு முழுக்கத் தெரியும். காற்று தடையில்லாமல் வரும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் வேலையைப் பிடிக்கவும் தக்கவைத்துக்கொள்ளவும் என்னென்ன தேவை என்று பார்ப்போம்.

1. முதலில் கதை. தப்பில்லாமல் தெரிந்துகொள்ளுங்கள்.

1913, கிழக்கு பால்டிமோர். ஐரோப்பாவின் பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறிய வில்லியம் ஆக்டவெக், நார்த் காலிங்டன் அவென்யூவும் ஆஷ்லாண்ட் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கோடையில் காய்கறியை வெளியே பரப்பினால் வாடிவிடும். உள்ளே வைத்தால் வாடிக்கையாளர் கண்ணில் படாது. கடைக் கதவின் கம்பி வலையிலேயே காயையும் கனியையும் வரைந்துவிட்டார். அதைப் பார்த்த அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் தன் ஜன்னலுக்கும் ஒன்று கேட்டார். தெருமுனையில் வெட்டியாக நிற்கிறவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது அவருக்குத் தொல்லை. பால்டிமோரின் வரிசை வீடுகளில் ஜன்னல் நேராக நடைபாதையை ஒட்டியே இருக்கும். ஒரு வீட்டின் தேவை தெரு முழுவதற்கும் தேவையாக இருந்தது. 1922-இல் ஆக்டவெக் ஈஸ்ட் மான்யுமென்ட் தெருவில் ‘ஆர்ட் ஷாப்’ என்ற கடையையே திறந்துவிட்டார். ஒரு காலத்தில் நகரத்தில் ஒரு லட்சம் வலைகள் வரை இருந்ததாகச் சொல்வார்கள். பிறகு ஏ.சி. வந்தது, ஜன்னல்கள் மூடிக்கொண்டன. பழைய குடும்பங்கள் புறநகருக்குப் போயின.

இந்தக் கதையை மூன்று நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: “உலகிலேயே முதன்முதலில் இங்கேதான்” என்று பேசிவிடாதீர்கள். கம்பி வலையில் நிலக்காட்சி வரையும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே உண்டு. பால்டிமோரின் பெருமை, அதைச் சாதாரண உழைப்பாளிக் குடும்பங்களின் தெருக்கலையாக ஆக்கியதில் இருக்கிறது. விஷயம் தெரிந்த ஒரு வரலாற்று டீச்சர் உங்கள் பேச்சில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பள்ளியில் அடுத்த ஆண்டு உங்களுக்கு இடம் இல்லை.

2. டெமோதான் உங்கள் விசிட்டிங் கார்டு.

ஸ்லைடு போட்டுப் பேசி நேரத்தைக் கடத்தாதீர்கள். ஒரு அட்டைப்பெட்டி எடுங்கள். உள்ளே கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை வெட்டி, படம் வரைந்த வலையைப் பொருத்துங்கள். உள்ளே ஒரு பொம்மையை வையுங்கள். அறையை இருட்டாக்கி, வெளியிலிருந்து வலை மேல் டார்ச் அடித்தால் படம் மட்டும் தெரியும், பொம்மை மறைந்துவிடும். அதே டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்தால் படம் மங்கி, பொம்மை வெளியே வரும்.

காரணத்தை நீங்களே முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பிள்ளைகள் மாறி மாறி அடித்துப் பார்க்கட்டும். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துப் பெயின்ட் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கண் அதிலேயே நின்றுவிடுகிறது என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். “அப்போ ராத்திரி வீட்டுக்குள்ள லைட் போட்டா?” என்ற கேள்வியும் கட்டாயம் வரும். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்: உள்ளே இருப்பது வெளியே தெரியும், அப்போது திரையைத்தான் இழுத்துவிட வேண்டும்.

இந்தப் பெட்டி உங்களுக்கு இன்னொரு கதவையும் திறக்கும். ஆர்ட் டீச்சரின் பட்ஜெட் எப்போதும் சின்னது. ஒளி பற்றிப் பாடம் நடத்தும் சயின்ஸ் டீச்சரும், ஊர் வரலாறு நடத்தும் சோஷியல் டீச்சரும் சேர்ந்து கேட்டால் பிரின்சிபால் தட்டிக்கழிப்பது கடினம். மூன்று பாடத்துக்கும் எது எங்கே பொருந்துகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.

3. ஓட்டை அடைபடக் கூடாது.

இந்தக் கலையின் மொத்த ஸ்கில்லும் இதில்தான் இருக்கிறது. வலைக் கண்களில் பெயின்ட் அடைத்துக்கொண்டால் காற்றும் வராது, உள்ளேயிருந்து பார்வையும் போகாது. வெறும் பெயின்ட் பூசிய தட்டிதான் மிஞ்சும். பழைய கைகள் எண்ணெய் பெயின்ட்டில் செய்தார்கள். வகுப்பறைக்கு அந்த நெடி ஒத்துவராது. தண்ணீரில் கழுவக்கூடிய அக்ரிலிக் போதும்.

வலைக்கு ஃபைபர்கிளாஸ் வாங்குங்கள். உலோகக் கம்பியின் வெட்டிய ஓரம் பிஞ்சு விரலைக் கீறும். ஒரு ரோலை வீட்டிலேயே வெட்டி, சின்ன மரச் சட்டங்களில் ஸ்டேப்ளர் அடித்து எடுத்துப் போங்கள். சட்டத்தின் உயரத்தால் வலை மேஜையில் ஒட்டாமல் நிற்க வேண்டும். வகுப்பில் வைத்து வெட்டத் தொடங்கினால் பீரியட் முடிந்துவிடும்.

தூரிகையில் துளி பெயின்ட், அதையும் துணியில் ஒற்றிய பிறகுதான் வலைக்குப் போக வேண்டும். கண் அடைத்தால் பின்னாலிருந்து வாயால் ஊதச் சொல்லுங்கள். அதற்கும் திறக்கவில்லையென்றால் உலர்ந்த தூரிகையால் பின்பக்கம் தட்டலாம். ஊதுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, அதற்காகவே கொஞ்சம் அடைத்துவைப்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். கறுப்பு வலையில் மெல்லிய நிறம் எடுபடாது. முதலில் வெள்ளையை லேசாகத் தட்டிவிட்டு மேலே நிறம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கோடு போட வராத பிள்ளை பயந்து ஒதுங்கும். பென்சிலில் வரைந்த தாளை வலைக்கு அடியில் வைத்தால் கோடு மேலே தெரியும். சாக்பீஸால் அதன் மேலேயே இழுத்துவிட்டுத் தாளை எடுத்துவிடலாம். இந்த ஒரு வித்தை தெரிந்தால் 25 பேரையும் பத்து நிமிடத்தில் வரையத் தொடங்க வைக்கலாம். பள்ளி திரும்பக் கூப்பிடும் ஆள், எல்லாப் பிள்ளையும் முடித்துவிட்டுப் போகும்படி வகுப்பு நடத்துகிறவர்தான். அவரைவிட அழகாக வரைகிறவர்கள் ஊரில் நிறைய இருப்பார்கள்.

4. எதை வரைவது?

பால்டிமோர் வலை என்றதும் கண்ணில் வருவது சிவப்புக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு, முன்னால் குளம், அதில் அன்னங்கள், வாசலுக்கு வளைந்து போகும் பாதை. முதல் வகுப்பில் எல்லோரும் அதையே வரையட்டும். வானம், மரம், வீடு, கடைசியில் அன்னம் என்று தூரத்திலிருந்து கிட்டே வரும் வரிசை அதில் தானாகப் படிந்துவிடும். இரண்டாவது வகுப்பில் கேளுங்கள்: “உன் வீட்டு ஜன்னலைப் பார்த்துத் தெருவில் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?” கூடைப்பந்தாட்டக் களம் வரும், பாட்டியின் ஊர் வரும், நாய் வரும். அந்தச் சிவப்பு வீட்டைவிட எனக்கு இந்த இரண்டாவது வலைகள்தான் முக்கியம். பள்ளி ஹாலில் பெற்றோர் நின்று பார்ப்பதும் இவற்றைத்தான்.

5. யாரிடம் கற்றீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

யூடியூப் பார்த்துவிட்டு வகுப்பெடுக்கக் கிளம்பாதீர்கள். 1985-இல் தொடங்கிய ‘பெயின்டட் ஸ்க்ரீன் சொசைட்டி ஆஃப் பால்டிமோர்’ இந்தக் கலைக்காகவே இருக்கும் அமைப்பு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாட்டாரியல் ஆய்வாளர் எலைன் எஃப் 1988-இல் ஆவணப்படம் எடுத்தார், 2013-இல் முழுப் புத்தகம் எழுதினார். இரண்டையும் முடித்துவிட்டே பள்ளிக்குப் போன் போடுங்கள். அமெரிக்கன் விஷனரி ஆர்ட் மியூசியத்தில் வலைகளை நேரில் பாருங்கள். மாநிலத்தின் நாட்டார் கலைத் திட்டமான ‘மேரிலாண்ட் டிரெடிஷன்ஸ்’, தேர்ந்த கலைஞரிடம் அப்ரன்டிஸாக உட்கார்ந்து கற்க மானியம் தருகிறது. அது உங்கள் ரெஸ்யூமேயில் இருந்தால் போட்டியில் பாதிப்பேர் பின்னால் போய்விடுவார்கள்.

வகுப்பிலும் முன்னோர் பெயரைச் சொல்லுங்கள். ஆக்டவெக்கிடம் கற்றவர்களில் ஒருவர் ஜானி எக். உடலின் கீழ்ப்பாதி சரியாக வளராமல் பிறந்தவர், சர்க்கஸ் மேடைகளிலும் 1932-இல் ஹாலிவுட் படத்திலும் தோன்றியவர், ஊருக்குத் திரும்பி வலை வரைந்தவர். தன் கையால் ஆகாது என்று முடங்கும் பிள்ளைக்கு அவர் கதை போய்ச் சேரும். இரக்கக் குரலில் சொல்லாதீர்கள். தொழில் தெரிந்த ஓவியராகவே அறிமுகப்படுத்துங்கள்.

6. காசு, காகிதம்.

மாநில ஆர்ட்ஸ் கவுன்சில் டீச்சிங் ஆர்டிஸ்ட் பட்டியல் வைத்திருக்கிறது, விண்ணப்பியுங்கள். கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் கேட்பதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். பள்ளி ஆண்டு கோடை முடிந்து தொடங்கும். திட்டமிடல் வசந்தத்திலேயே நடக்கும், உங்கள் மெயில் அப்போதே போய்விட வேண்டும். ரேட் சொல்லும்போது வலை, சட்டம், பெயின்ட் செலவைத் தனி வரியாகப் போடுங்கள். வீட்டில் உட்கார்ந்து ஸ்டேப்ளர் அடிக்கும் நேரமும் வேலை நேரம்தான், அதையும் கணக்கில் சேருங்கள்.

கடைசி வகுப்பு முடிவதற்குள் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலை ஆபீஸில் கேட்டு வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் சேர்ந்து வரைந்த ஒரு பெரிய வலையை அதில் மாட்டுங்கள். பாதிப்பேரை வெளியே நடைபாதையில் நிறுத்துங்கள், பாதிப்பேரை உள்ளே. உள்ளே இருப்பவர்கள் கையாட்டட்டும். வெளியே இருப்பவர்களுக்குக் குளமும் அன்னமும்தான் தெரியும். பிறகு இடம் மாற்றி நிறுத்துங்கள். பிரின்சிபாலையும் கூப்பிடுங்கள்.